பவானேஸ்வரி கொட்டிய பால்

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, நாலரை மாதக் குழந்தை கவிநேசன், பவானேஸ்வரியின் கையிலிருந்த பால் போத்தலைப் பார்த்ததும் உதட்டை உள்ளே இழுத்து வாயை இறுக்கிக்கொண்டான். ரப்பர் காம்பு உதட்டில் பட்டவுடன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். போத்தல் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் திருப்பினான். மூன்றாவது தடவை உடம்பை வில்லாக வளைத்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

பவானேஸ்வரி பதறவில்லை. பதறுவது பெற்றவள் வேலை என்பது அவள் கணக்கு.

"வந்துட்டாரு நடிகரு," என்று சொல்லிக்கொண்டே குழந்தையின் இரண்டு கைகளையும் துணியோடு சேர்த்து இடுக்கிக்கொண்டு மறுபடியும் போத்தலை நீட்டினாள்.

மலாக்காவில், தங்கா பத்து பக்கம், கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தாமான் குடியிருப்பில், கடைசி வரிசை வீடு அவளுடையது. பதினோரு வருடமாக அங்கே பிள்ளை பார்க்கிறாள். இதுவரை இருபத்து மூன்று பிள்ளைகள் அவள் மடியில் வளர்ந்து நர்சரிக்குப் போயிருக்கின்றன. அவற்றின் பெயர்கள் அவளுக்கு ஞாபகம் இருக்கும். தாய்மார்களின் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் மேல் மரியாதை கிடையாது. போத்தல் கழுவக் கொதிநீர்ப் பெட்டி வாங்கியவள், கைத்தொலைபேசியைப் பார்த்துப் பிள்ளை வளர்த்தவள், பிள்ளை தும்மினால் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பியவள் என்று அடையாளம் வைத்துத்தான் பேசுவாள்.

பிறந்தது மெர்லிமாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்தை நினைத்து உருகுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது, "அந்தக் காலத்துல தோட்டத்துல எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்லா," என்று ஆரம்பித்தால், "ஆமா, ஒரே கக்கூசுக்கு இருவது குடும்பம்," என்று சொல்லிவிட்டுச் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொள்வாள். அதற்கு மேல் அந்தப் பந்தியில் யாரும் தோட்டத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பதினெட்டு வயதில் தோட்டத்து பஸ் ஏறி ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தாள். இருபத்தைந்து வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒருநாள் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. போகும்போது எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். "இனிமே நமக்கு எதுக்கு நேரம் பாக்கணும்னு குடுத்தானுங்களோ," என்றபடி அதை அண்டை வீட்டு திலகவதிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அடுத்த மாதமே பிள்ளை பார்க்க ஆரம்பித்தாள்.

கணவர் சேகரன் செம்பனை எண்ணெய் லாரி ஓட்டியவர். முதுகு விட்டுப்போனதால் இப்போது வீட்டோடு இருக்கிறார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பேப்பர், ஒரு கிளாஸ் கோப்பி. மனைவி பத்து வார்த்தை பேசினால் அவர் அரை வார்த்தை பேசுவார். அந்த அரை வார்த்தைக்காகவும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

கவிநேசனின் அம்மா கஜலட்சுமி ஒரு வழக்கறிஞர். அலோர் காஜாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. கணவன் காண்டீபன் ஜொகூரில் எஞ்சினியர். சனி ஞாயிறுக்கு மட்டும் வீட்டுக்கு வருவான். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்தக் காலத்தில் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணிகளாக உட்கார்ந்திருந்த வம்சம் என்பதைப் பவானேஸ்வரி முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் அப்பா சாமிக்கண்ணு ஒரு கிராணியின் மேசைக்கு முன்னால், தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கிராணி கஜலட்சுமிக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. இருந்தாலும், நாற்பத்தைந்து வருடம் கழித்து ஒரு கிராணி வீட்டுப் பெண் தன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆன்ட்டி, என் பிள்ளையப் பாத்துக்குவீங்களா," என்று கேட்டதில் அவளுக்கு ஒரு தித்திப்பு இருந்தது.

கஜலட்சுமி கொண்டுவந்த காகிதம் அவளுக்கு இன்னும் தித்தித்தது. எத்தனை மணிக்கு எவ்வளவு பால், எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்று தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்ட காகிதம்.

"இது கோர்ட்டுல குடுக்கறதாமா?" என்றாள் பவானேஸ்வரி. "என் கையில பால் குடிக்காத புள்ள இந்த மலாக்காவுலயே கெடையாது. பேப்பரெல்லாம் வேணாம். பால மட்டும் வச்சுட்டுப் போ."

கஜலட்சுமி தாய்ப்பாலைத்தான் கொடுத்துவிடுவாள். அலுவலகத்தில் கருவி வைத்து எடுத்து, குளிர்ப்பெட்டியில் அடுக்கி, மறுநாள் காலை மூன்று போத்தல்களாகக் கொண்டுவந்து வைப்பாள். சாயங்காலம் மூன்றும் காலியாகத் திரும்பிப் போகும். முதல் ஐந்து வாரம் அப்படித்தான் நடந்தது.

அது எப்படி நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கவிநேசன் முக்கால் போத்தல் வரை தானாகக் குடிப்பான். அதற்குப் பிறகு நாக்கால் காம்பை வெளியே தள்ளுவான். மற்றவர்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பவானேஸ்வரி நிறுத்தமாட்டாள். கட்டைவிரலை அவன் தாடைக்கு அடியில் கொடுத்து, கன்னத்தை இரண்டு விரலால் லேசாக அழுத்தி, காம்பை உள்ளே விட்டு, மீதியையும் இறக்கிவிடுவாள். இருபத்து மூன்று பிள்ளைகளிடமும் செய்த வித்தை. போத்தலில் மிச்சம் வைத்து அனுப்புவது அவளைப் பொறுத்தவரை அரைகுறை வேலை. தொழிற்சாலையில் ஒரு கம்பி ஒட்டாமல் அடுத்த மேசைக்குப் போனால் எப்படியோ, அப்படி.

அந்தத் திங்கட்கிழமை வித்தை பலிக்கவில்லை. தாடையைப் பிடித்தால் கத்தல். கன்னத்தை அழுத்தினால் கக்கல். ஒரு மணிக்கும் குடிக்கவில்லை. மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நான்கு மிடறு உள்ளே போனது, விழித்ததும் துப்பிவிட்டான்.

ஐந்தரை மணிக்கு, கஜலட்சுமியின் கார் வரும் நேரம், மூன்று போத்தல்களும் ஏறக்குறைய நிறையவே இருந்தன. பவானேஸ்வரி அவற்றைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டாள்.

"குடிச்சானா ஆன்ட்டி?"

"ம். குடிக்காம என்ன."

ஒருநாள் பொய் என்றுதான் அவள் நினைத்தாள். பொய்கள் எல்லாமே முதலில் ஒருநாள் பொய்களாகத்தான் பிறக்கின்றன.

செவ்வாய்க்கிழமை போத்தல் சமையலறையிலிருந்து வரும்போதே அவன் அழ ஆரம்பித்தான். புதன்கிழமை அவளே நேரில் கடைக்குப் போனாள். அவள் வாழ்நாளெல்லாம் கேலி செய்த குழந்தைச் சாமான் கடை. அங்கே இருபது வயதுப் பெண் ஒருத்தி, தன் வயிற்றில் ஒரு பிள்ளையையும் சுமக்காதவள், நான்கு வகை ரப்பர் காம்புகளை மேசைமேல் பரப்பி வகுப்பு எடுத்தாள். இது அம்மா மாதிரியே இருக்குமாம். இது காற்றை விடாதாம். இதன் ஓட்டை வேறு வடிவமாம்.

"பேபிக்கே வித்தியாசம் தெரியாது ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண்.

"தெரியாதுன்னா அப்புறம் எதுக்குலா நாலு?" என்று கேட்டுவிட்டு நான்கையும் வாங்கிக்கொண்டு வந்தாள் பவானேஸ்வரி. கவிநேசனுக்கு வித்தியாசம் தெரிந்தது. நான்கையும் நான்கு விதமாகத் துப்பினான்.

திலகவதிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "கண்ணு பட்டிருக்கும் அக்கா. வெள்ளையா அழகா இருக்கான்ல, யாரு கண்ணோ," என்றாள். கேட்காமலே ஒரு கைப்பிடி மிளகாயும் உப்பும் கொண்டுவந்து, குழந்தையைச் சுற்றி, தன் அடுப்பிலேயே போட்டு எரித்தாள். மிளகாய் நெடியில் அந்த வரிசையே இருமியது.

"பாத்தீங்களா, எவ்ளோ நெடி. அத்தனையும் கண்ணு," என்றாள் திலகவதி.

"மொளகாய எரிச்சா மல்லிப்பூ வாசமா வரும்?" என்றாள் பவானேஸ்வரி. ஆனாலும் மறுநாள் பதினோரு மணிக்குப் போத்தலை நீட்டும்போது, அவளையும் அறியாமல் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. கவிநேசன் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கஜலட்சுமி குழந்தையைக் கொடுக்கும்போது கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"ராத்திரி பூரா குடிக்கிறான் ஆன்ட்டி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ எழுப்புறான். பகல்லயும் ஃபுல்லா குடிச்சிட்டு ராத்திரியும் இப்படியா?"

பகலில் கிடைக்காததை அந்தப் பிள்ளை இரவில் தாயிடம் வசூல் செய்கிறது என்பது பவானேஸ்வரிக்குத் தெரியாமல் இல்லை.

"வளர்ற புள்ளமா. பசி ஜாஸ்தி," என்றாள்.

கார் போன பிறகு வாசலில் இருந்த சேகரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "சொல்லிரு பவானி."

"என்னத்த சொல்றது? இத்தன வருஷம் புள்ள பாத்தவ, ஒரு சுண்டக்காப் பயகிட்டத் தோத்துட்டேன்னு சொல்லவா?"

"போத்தலப் பாத்தாலே கண்ண மூடிக்கிது அது. அடிக்கப் போற மாதிரி."

"லாரி ஓட்டுனவருக்கு எப்பலருந்து புள்ள வைத்தியம் தெரியும்?"

சேகரன் பேப்பரைத் திருப்பிக்கொண்டார். அன்று சாயங்காலம் அவள் தொட்டியில் பாலைக் கவிழ்க்கும்போது அவர் பின்கட்டு வழியாக வெளியே எழுந்து போனார். அவர் பார்க்க விரும்பவில்லை என்பது அவளுக்கு விளங்கியது. அந்தக் கோபத்தில் போத்தலைக் கழுவும் பிரஷ்ஷின் கம்பியை வளைத்துவிட்டாள்.

ஊரில் உள்ள தாய்மார்களையெல்லாம் நாக்கால் உரித்துத் தோரணம் கட்டிய பெண், ஏழு வேலை நாள் தொடர்ந்து ஒரு தாயின் பாலைச் சாக்கடையில் விட்டாள். தன் பெயர் கெடக்கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அடுத்த புதன்கிழமை, எட்டாவது வேலை நாள், கஜலட்சுமி வந்தபோது பையில் ஒரே ஒரு போத்தல்தான் இருந்தது. அதிலும் பாதிதான் பால்.

"இவ்ளோதான் வந்துச்சு ஆன்ட்டி." அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். வேலைக்குப் போகும் கறுப்புக் கோட்டு கையில் மடித்திருந்தது. "ஆஃபிஸ்ல ஸ்டோர் ரூம்லதான் உக்காந்து எடுப்பேன். பழைய ஃபைல் எல்லாம் அடுக்கி வச்சிருக்கற ரூம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல, நாற்காலிய இழுத்து முட்டு குடுத்துட்டு உக்காரணும். நேத்து நாப்பது நிமிஷம் உக்காந்தேன். தூக்கமே இல்லல்ல, அதான் வரல போல. ப்ளீஸ், இதுல ஒரு சொட்டு கூட வேஸ்ட் ஆகாமப் பாத்துக்குங்க. பத்தலன்னா கால் பண்ணுங்க. மத்தியானம் எப்படியாவது ஓடி வந்துட்டுப் போறேன்."

பவானேஸ்வரி போத்தலை வாங்கிக்கொண்டாள். 

பதினோரு மணிக்கு அவன் குடிக்கவில்லை. பன்னிரண்டுக்கும் குடிக்கவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல், முகத்தை மட்டும் அவள் தோளுக்குள் புதைத்துக்கொண்டான். அவன் கழுத்து மடிப்பில் பால் வாசம் இல்லை, புளித்த வியர்வை வாசம்தான் இருந்தது. காலையில் கட்டிய பேம்பர்ஸைத் தொட்டுப் பார்த்தாள். கனமே இல்லை.

அவள் அந்த அரைப் போத்தலை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். மூடியைத் திறந்தாள். கை கவிழவில்லை.  பிறகு மூடியைத் திருகி, போத்தலைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு, கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"கஜா. நான்தான். வந்து புள்ளயத் தூக்கிட்டுப் போமா."

"என்னாச்சு ஆன்ட்டி? ஃபீவரா?"

"ஃபீவர் இல்ல. போன திங்கக்கெழமைலருந்து போத்தல் எடுக்க மாட்டேங்கிறான். நான் உங்கிட்ட பொய் சொன்னேன். பால எல்லாம் கொட்டிட்டேன். இன்னிக்கிக் குடுத்தது மட்டும் இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி இணைப்பு அறுந்தது. 

அலோர் காஜாவிலிருந்து கஜலட்சுமி எந்த வேகத்தில் வந்தாளோ, முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே வந்தாள், குழந்தையை வாங்கினாள், நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். அவன் குடித்த அவசரம் அந்த ஹால் முழுக்கக் கேட்டது. பவானேஸ்வரி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல ஆள் இல்லை. அது அவள் வீடு.

குடித்து முடித்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்த பிறகுதான் கஜலட்சுமி பேசினாள். கத்தவில்லை.

"எனக்குப் பைத்தியம் பிடிக்குதோன்னு நெனச்சேன். ராத்திரியில அழுதுட்டு உக்காந்திருப்பேன். எம்மேலதான் ஏதோ தப்புன்னு. நீங்க தினமும் சாயங்காலம் என் மூஞ்சியப் பாத்து, குடிச்சான்னு சொன்னீங்க."

கஜலட்சுமி குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே மேலே பேசினாள்.

"நீங்க சொல்லுவீங்கள்ல, படிச்ச அம்மாமாருங்க எல்லாம் ஷோ காட்றாங்கன்னு. ஆமா, நாங்க எல்லாம் ஷோதான். நீங்க என்ன ஆன்ட்டி?"

குளிர்ப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் இரண்டு பேர் மட்டும். திலகவதி வேலியோரம் வந்து, "எங்கக்கா புள்ளயக் காணோம்?" என்றாள். "நீ எரிச்ச மொளகாயில ஓடிப்போயிட்டான்," என்றாள் பவானேஸ்வரி. ஆனால் சொன்னதில் பழைய காரம் இல்லை. திலகவதிக்கே அது தெரிந்தது. உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் கார் நின்றது. கஜலட்சுமியும் காண்டீபனும் இறங்கினார்கள். குழந்தை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சேகரன் எழுந்து நின்று தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

கிளினிக்குக்குப் போனதை கஜலட்சுமி சொன்னாள். காதைப் பார்த்தார்களாம், வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்களாம். புண் இல்லை, சளி இல்லை. எடை மட்டும் போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அங்கே நர்ஸாக இருந்த மலாய்க்கார மிஸி ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள்: குடிக்க மாட்டேன் என்று தலையைத் திருப்பினால் என்ன செய்கிறீர்கள்?

"எனக்குப் பதில் தெரியல. நீங்க என்ன செய்வீங்க ஆன்ட்டி?"

பவானேஸ்வரி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு ஒளிக்காமல் செய்து காட்டினாள், தன் தாடையிலேயே.

காண்டீபன் முகம் சிவந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் கஜலட்சுமி அவன் முழங்கையைத் தொட்டாள்.

"மிஸி அததான் சொன்னா. நாலு மாசத்துக்கு அப்புறம் அதுக்கு வேணும் வேணாம் தெரியுமாம். அமுக்கி அமுக்கிக் குடுத்தா போத்தலப் பாத்தாலே பயம் வந்துருமாம். கொஞ்ச நாளைக்குப் போத்தலக் கண்ணுலயே காட்டக் கூடாது. சின்னக் கப்புல வாய்கிட்ட வச்சுட்டு அவனா நக்கிக் குடிக்க விடணும். ஊத்தக் கூடாது. தலையத் திருப்புனா அதோட சரி, எடுத்துடணும்."

"கப்புலயா? இந்த வயசுலயா? தண்ணியடிக்கிற ஆள் மாதிரியா?" பழைய நாக்கு தன்னால் கிளம்பிவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள்.

"நான் பிள்ள பாக்கற இன்னும் ரெண்டு எடம் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்," என்றாள் கஜலட்சுமி. "ஒரு ஆளு, பட்டினி போட்டா தன்னால குடிக்கும்னு சொன்னாங்க. இன்னொருத்தவங்க, காம்பு ஓட்டையப் பெருசாக்கிக் கஞ்சிய ஊத்திரலாம்னு சொன்னாங்க. நீங்க செஞ்சது எனக்கு மறக்காது ஆன்ட்டி. மன்னிச்சுட்டேன்னும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்களா கால் பண்ணீங்க. நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. நான் மூணு நாள் லீவு போட்டிருக்கேன். இங்கயே உக்காந்து பாப்பேன். சரியா வந்தா பாப்போம்."

தன் வீட்டு ஹாலில் ஒருத்தி உட்கார்ந்து தன் வேலையை மேற்பார்வை பார்ப்பதா என்று பவானேஸ்வரிக்குச் சுருக்கென்றது. நாற்பத்தைந்து வருடத்துக் கிராணி மேசை கண்முன்னால் வந்து நின்றது. ஆனால் அப்பா நின்றது ஒரு தப்பும் செய்யாமல். இவள் அப்படி இல்லை.

"நாளைக்கு எட்டு மணிக்கு வாமா," என்றாள்.

அந்த மூன்று நாளும் அவள் வாழ்க்கையில் செய்த எல்லா வேலையையும்விடக் கடினமாக இருந்தன. செய்ய ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் கடினம். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மருந்து குடிக்கும் சின்னக் கப்பில் பாலை விட்டு, கீழ் உதட்டில் பட்டும் படாமல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். முதல் தடவை அவன் கப்பைக் கண்டு முகத்தைத் திருப்பினான். அவளுடைய இடது கை தானாக அவன் தாடைக்குப் போனது. வாசலிலிருந்து சேகரன் தொண்டையைச் செருமினார். கை இறங்கியது. கப்பைக் கீழே வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த கஜலட்சுமி கைகளை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் அவன் நாக்கை நீட்டி ஒரு தடவை நக்கினான். முகத்தைச் சுளித்தான். மறுபடியும் நக்கினான். அவள் இரவிக்கையில் கொட்டியது பாதி, உள்ளே போனது ஒரு மேசைக்கரண்டி.

"பூனை மாதிரி குடிக்கிறான்," என்றாள் பவானேஸ்வரி. கஜலட்சுமி சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாம் நாள் குழந்தை தூங்கும்போது கஜலட்சுமி கருவியை எடுத்து வைத்துக்கொண்டு பால் எடுத்தாள். அது கர் கர் என்று இழுக்கும் சத்தத்தைப் பவானேஸ்வரி அதற்கு முன்னால் கேட்டதில்லை. போத்தலின் அடியில் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க பையனுக்கு எத்தன மாசம் குடுத்தீங்க ஆன்ட்டி?" என்று கஜலட்சுமி கேட்டாள். பவானேஸ்வரியின் மகன் பிரவின் கோலாலம்பூரில் இருக்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி வருவான்.

"நாப்பது நாளு. அப்புறம் ஷிப்டுக்குப் போகணும். வேலைய விட்டா போச்சு. பால் வத்தறதுக்கு மார்ல மல்லியப்பூவ வச்சு இறுக்கக் கட்டிவிட்டாங்க. அஞ்சு நாளு நெருப்பா எரியும். அப்புறம் வத்திரும்." வெறும் தகவலைப் போலத்தான் சொன்னாள். பிறகு சொன்னாள்: "உங்களுக்கெல்லாம் மெஷின் இருக்கு, கொடுத்து வச்சவளுங்கன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இது என்னா, மாட்டக் கறக்கற மாதிரி கறக்குது."

கஜலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் கருவி நழுவியது; இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போத்தலைத் தாங்கிப் பிடித்தார்கள்.

வியாழக்கிழமை கஜலட்சுமி வேலைக்குப் போனாள். அன்று சாயங்காலம் முதல் கேள்விக்குப் பவானேஸ்வரி கொடுத்த பதில், "காலையில ரெண்டு கரண்டி. மத்தியானம் தொடல. மூணு மணிக்குப் பாதிக் கப்பு. மிச்சம் பெட்டியில இருக்கு, பாத்துக்க." கஜலட்சுமி பெட்டியைத் திறந்து பார்த்தாள். அவள் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பவானேஸ்வரிக்குத் தோன்றியது. ஆனால் பார்த்ததில் குறை சொல்லவும் முடியவில்லை. அடுத்த மூன்று வாரமும் கஜலட்சுமி பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மத்தியானத்தில் சில நாள் கார் எடுத்துக்கொண்டு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போனாள்.

கவிநேசன் கடைசிவரை போத்தலை எடுக்கவேயில்லை. இரண்டு மாதம் கழித்து காண்டீபன் ஒருநாள் ஆசைப்பட்டு நீட்டிப் பார்த்தான். பிள்ளை அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, தரையில் போட்டு உருட்டி விளையாடினான். கப்பில் குடிக்கப் பழகிக்கொண்டான். எடை மெல்ல ஏறியது. ஆறு மாதத்தில் கஞ்சி ஆரம்பித்ததும், கஞ்சியையும் தன் இஷ்டத்துக்குத்தான் சாப்பிட்டான். தலையைத் திருப்பினால் பவானேஸ்வரி கரண்டியை வைத்துவிடுவாள். வைக்கும்போது, "சரிதான் தொரை, அப்புறமா வாங்க," என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மட்டும் அவளால் இருக்க முடியாது.

நாக்கு மாறவில்லை. திலகவதி தாமான் முழுக்கத் தன் மிளகாயால்தான் பிள்ளை பிழைத்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தபோது, "அப்ப கிளினிக்க மூடிட்டு மொளகாக் கடை வைக்கச் சொல்லு," என்றாள். தாய்மார்களைப் பற்றியும் பேசாமல் இல்லை. ஆனால் கஜலட்சுமியைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறாள்.

குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது ஒரு காலையில் கஜலட்சுமி குளிர்ப்பெட்டி இல்லாமல் வந்தாள். நேற்று ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தும் போத்தலின் அடிப்பாகம்கூட நனையவில்லை என்றாள். காலையும் இரவும் நேராகக் கொடுப்பதோடு சரி, இனிமேல் எடுக்கப்போவதில்லை என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. காரின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். சாவியைத் திருகாமல் அப்படியே இருந்தாள்.

பவானேஸ்வரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கார் கதவோரம் போய் நின்றாள். ஆறுதல் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை, சொல்லவும் தெரியாது.

"அந்தக் கர் கர் சனியன் ஒழிஞ்சதுன்னு நெனச்சுக்க," என்றாள். "மூஞ்சியத் தொடச்சிட்டுப் போ. கோர்ட்டுல ஜட்ஜு பயந்துடப் போறாரு."

கஜலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். கண்ணாடியில் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு காரைக் கிளப்பினாள். கவிநேசன் இடுப்பிலிருந்து எட்டி, கார் போன திசையில் கையை நீட்டிக் கத்தினான்.

"சும்மா இருடா," என்றபடி பவானேஸ்வரி அவனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.